வெள்ளிக்கிழமை கொண்டு வாங்கோ

கைத்தொலைபேசி விஷயத்தில் நம் ஆட்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. அடுப்பில் பருப்பு வேக அரை மணி நேரம் காத்திருப்பவர்கள், திரையில் ஒரு வட்டம் இரண்டு நிமிடம் சுற்றினால் போனைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். நான் அப்படியில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இந்த வாக்குமூலத்தையும் பதறாமலே எழுத விரும்புகிறேன்.

தமிழில் எழுத அனுமதித்த விசாரணை அதிகாரிக்கு நன்றி. இதை ஜெர்மன் மொழியில் மாற்றப்போகிற சேயோன் தம்பி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நேற்று விசாரணையில் நான் சொன்னதை மாற்றும்போது ‘விரதம்’ என்ற சொல்லுக்கு வந்ததும் தடக்கி நின்றுவிட்டார். அவருக்காக எல்லாவற்றையும் விளக்கமாக எழுதுகிறேன்.

என் பெயர் மகேந்திரராஜா. வயது ஐம்பத்துநான்கு. எசன் நகரில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் முகவர் கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் போன் வாங்கினால் பெட்டியைக்கூட உடைக்காமல் என்னிடம் கொண்டுவருவார்கள். நான்தான் திறந்து, கடவுச்சொல் போட்டு, அதை என் கொப்பியில் எழுதிவைப்பேன். பிள்ளைகள் டாக்டராகவும் எஞ்சினியராகவும் இருப்பார்கள். என்றாலும் தாய் தகப்பனின் கடவுச்சொல் என் கொப்பியில்தான் இருக்கும். எல்லோருக்கும் ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஜெர்மனில் ஏதாவது செய்திப் பெட்டி திரையில் வந்து நின்றால் எதையும் அமத்தாதேங்கோ, என்னட்டக் கொண்டு வாங்கோ. திருட்டுச் செய்திகளில் நம் ஆட்கள் ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். நல்ல எண்ணம்தான். என் சொல் அவர்களுக்கு வேதவாக்கு.

சுஜீவாவும் அப்படித்தான் வந்தார். வயது ஐம்பத்திரண்டு, கணவர் இல்லை. நகரின் வடக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. ஒரே மகள் யாமினி ஹனோவரில் படிக்கிறாள். சுஜீவாவுக்கு நெடுங்காலமாகச் சர்க்கரை வியாதி, இன்சுலின் ஊசி. மேற்கையில் ஒரு சிறிய வட்டமான கருவி ஒட்டியிருப்பார். அது இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கினால் போன் அலாரம் அடிக்கும். உடனே ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு, அதாவது ஒரேஞ் ஜூஸ், குடித்தால் சரி. குடிக்காவிட்டால் மயக்கம் வரும். அதன்பிறகு என்ன என்பதை மருத்துவ அறிக்கை சொல்கிறது. நான் மருத்துவன் அல்ல.

இந்த வருடம் மே மாதத்தில் அந்தப் போனுக்கு வந்த ஒரு அப்டேட்டில் பிழை இருந்தது. திரை திறந்திருந்தால் அலாரம் அடிக்கும், பூட்டியிருந்தால் அடிக்காது. போனைத் தயாரித்த கொம்பனி ஜூன் மாதமே திருத்தம் வெளியிட்டது. ஆனால் ஒப்பந்தத்தில் வாங்கிய போனுக்குத் திருத்தம் நேரே வராது. எங்கள் நிறுவனம் அதைச் சோதித்துப் பார்த்துத்தான் விடும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அது யாருடைய குற்றமும் இல்லை.

ஆகவே சுஜீவா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோவிலுக்குப் போகிற வழியில் கடைக்கு வருவார்.

“அண்ணை, இண்டைக்காவது வந்திட்டுதோ?”

“இன்னும் விடேல்லைத் தங்கச்சி. பொறுங்கோ.”

நான் காசு வாங்கமாட்டேன் என்பதால் சாப்பாடு கொண்டுவருவார். துருக்கிக் கடை யோகட் வாளியில் பிட்டு. இன்னொரு சின்ன வாளியில் கத்தரிக்காய்க் குழம்பு. மேசையில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் இருந்து தேநீர் குடிப்பார். மகளின் பரீட்சை, வேலை இடத்துப் புதினம், கோவிலில் யார் யாரோடு கோபம் என்று ஏதாவது சொல்வார். எனக்கு அந்தப் பத்து நிமிடம் பிடிக்கும். இதைக் காதல் என்று எழுதிவிட வேண்டாம். நான் தனியாக இருக்கிறவன். வியாழன் இரவு சட்டையை அயர்ன் பண்ணி வைப்பேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, எங்கள் நிறுவனம் திருத்தத்தை விட்டது. அன்று காலை கடைக் கணினியில் பார்த்தேன். அந்தவகைப் போன் வைத்திருந்த எல்லோரையும் அழைத்துச் சொன்னேன். சுஜீவாவை வெள்ளிக்கிழமை நேரில் பார்க்கப்போகிறேனே என்று அழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் இடியப்பம் கொண்டுவந்தார். போனை வாங்கினேன். அப்டேட் தானாக இறங்கும் வசதியை நிறுத்தினேன். “இன்னும் இல்லை” என்றேன். ஒரு கிழமைதானே என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை அவர் வேலை இடத்திலிருந்து அழைத்தார்.

“அண்ணை, ஒரு பெட்டி வந்து நிக்குது. கன எழுத்துக் கிடக்கு, கீழை ரெண்டு பொத்தான். எதை அமத்த?”

“ஒண்டையும் அமத்தாதேங்கோ. அது கள்ளச் செய்தி. வெள்ளிக்கிழமை கொண்டு வாங்கோ.”

அமத்தவில்லை. அவரைப்போல் சொன்னதைக் கேட்கிறவர்கள் குறைவு.

செப்டெம்பரில் ஒருமுறை, சர்க்கரை டாக்டரிடம் தனியாக அலாரம் அடிக்கிற ஒரு கருவி இருக்கிறதாமே, அதைக் கேட்கட்டுமா என்றார். “அதுக்கு டெர்மின் எடுத்து நாள் குறிக்கோணும், காப்புறுதிக்கு அன்ட்ராக் எண்டு விண்ணப்பம் போடோணும், மூண்டு மாசம் இழுப்பினம். அதுக்குள்ள அப்டேட் வந்திடும்” என்றேன். தாயின் அளவுகள் மகளின் போனுக்கும் போகும்படி செய்யலாமா என்றும் கேட்டார். செய்யலாம். ஐந்து நிமிட வேலை. அதையும் அப்டேட் வந்தபிறகு செய்வோம் என்று சொல்லியிருந்தேன்.

ஒக்டோபர் மூன்றாம் திகதி வெள்ளி, அரச விடுமுறை. கடை பூட்டு. அந்த நாள் எனக்கு எப்படிப் போனது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

இப்போது விரதம். ஐப்பசி மாதத்தில் கந்தசஷ்டி என்று ஆறு நாள் முருகனுக்காக நோன்பிருப்போம். சிலர் ஒருநேரம் சாப்பிடுவார்கள். சுஜீவா பாலும் பழமும் மட்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது கத்திமேல் நடக்கிற வேலை. அதனால் பல வருடம் விட்டிருந்தார். கையில் அந்தக் கருவி வந்தபிறகு போன வருடம் துணிந்து பிடித்தார். ஆறு நாளில் இரண்டு தடவை அலாரம் அடித்தது. இரண்டு தடவையும் சாறு குடித்து எழும்பினார். இதை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னவர் அவரேதான். ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஒக்டோபர் பதினேழாம் திகதி, வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு வாளி இல்லாமல் வந்தார். முகம் வாடியிருந்தது.

“அண்ணை, மகள் சொல்லிப்போட்டாள். அப்டேட் வராட்டில் விரதம் பிடிக்க விடமாட்டாளாம். அவளின்ரை படிப்புக்கு நேர்த்தி வைச்சது அண்ணை, விடவும் ஏலாது. நாளைக்கு ஹனோவரிலையிருந்து வாறாள். இந்தப் போனைத் தூக்கிப் போட்டிட்டு வேறை வேண்டித் தரப்போறாளாம்.”

வேறு போன் என்றால், கடையில் நேரே வாங்குகிற போன். அதற்கு எங்கள் நிறுவனமும் தேவையில்லை, நானும் தேவையில்லை. அவருடைய போனை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனேன். திருத்தம் அங்கேயே காத்திருந்தது. ஒரு தரம் அமத்தினால் பதினொரு நிமிடம். நான் ஒரு தேநீர் ஊற்றி, அங்கேயே நின்று குடித்தேன். பிறகு வெளியே வந்து, “வந்திட்டுது தங்கச்சி, போட்டிட்டன்” என்றேன்.

ஏன் போடவில்லை என்று இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். பதில் சுலபம். போட்டால் வேலை முடிந்துவிடும். போடாவிட்டால், ஒரு கிழமையில் அலாரம் சரியில்லை என்று கண்டுபிடித்துத் திரும்ப வருவார். மகளுக்கும் சமாதானம், போனும் மாறாது. எல்லோருக்கும் நல்லது என்று எனக்குப் பட்டது.

அவருக்குச் சோதித்தும் காட்டினேன். திரையைத் திறந்தபடி வைத்து, அலாரம் அடிக்கும் அளவைக் கூட்டிவிட்டேன். அடித்தது. அவர் குழந்தைபோல் கை தட்டினார்.

“அப்ப நான் விரதம் பிடிக்கலாமோ அண்ணை?”

“ஓம். பயப்பிடாமல் பிடியுங்கோ.”

அவர் கைகூப்பினார். பிறகு பஸ்ஸுக்கு ஓடினார். அன்று தேநீர் குடிக்கவில்லை.

விரதம் புதன்கிழமை தொடங்கியது. ஒக்டோபர் இருபத்துநான்கு வெள்ளிக்கிழமை நான் சட்டை மாற்றி, கேத்தலில் தண்ணீர் வைத்துக் காத்திருந்தேன். அவர் வரவில்லை. மாலைவரை இரண்டு முறை தண்ணீரைச் சூடாக்கினேன். அழைத்திருக்கலாம். அழைத்து, அலாரம் அடிக்காது, விரதத்தை விடுங்கோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். அவரே வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலைப் பூசைக்குப் போய்வந்து, மதியம் படுத்திருக்கிறார். இரண்டு இருபதுக்கு அளவு இறங்கத் தொடங்கியது என்று கருவியின் பதிவு சொல்கிறது. போன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டிலருகே ஸ்டூலில் ஒரு கிளாஸ் தோடம்பழச் சாறு, தட்டால் மூடியபடி. ஞாயிறு காலை வேலைக்கு வரவில்லை என்று முதியோர் இல்லத்திலிருந்து மகளை அழைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை யாமினி கடைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. மரண அறிவித்தலில் போட அம்மாவின் நல்ல படம் ஒன்று வேண்டும், போனைத் திறந்து தாருங்கள் அண்ணை என்றாள். கடவுச்சொல் என்னிடம்தானே இருக்கிறது. அவளை நாற்காலியில் இருத்தி, தேநீர் கொடுத்துவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போனேன். முதலில் அப்டேட்டை அமத்தினேன். பதினொரு முப்பத்தேழிலிருந்து பதினொரு நாற்பத்தெட்டு வரை. அந்த நேரம் போனில் பதிந்திருந்ததை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். இறந்தவர் அப்டேட் போடமாட்டார் என்பதை நான் யோசிக்கவில்லை. பதறாதவனுக்கும் ஒருநாள் பதற்றம் வருகிறது.

படம் எடுத்துக்கொடுத்தேன். மஞ்சள் சேலை, கோவில் வாசல். போனைப் பூட்டி அவள் கையில் வைத்தேன். உடனே அது அடித்தது. திரை இருட்டாக இருக்கும்போதே, கடை முழுக்கக் கேட்கும்படி அடித்தது. கையில் ஒட்டிய கருவியைத் தேடிக் கிடைக்காததால் எழுப்பிய எச்சரிக்கை. திருத்தம் சரியாக வேலை செய்தது.

யாமினி போனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அம்மாவுக்கு ஏன் அடிக்கேல்லை?”

அவள் நேரே உங்களிடம் வந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை.

நேற்று நீங்கள் எனக்கு ஒரு செய்தியைக் காட்டினீர்கள். ஒக்டோபர் பத்தாம் திகதி சுஜீவா மகளுக்கு அனுப்பியது. சேயோன் தம்பி வாசித்தார். “அந்தக் கடை அண்ணை காசு வேண்டமாட்டார், அதுதான் விடிய எழும்பிச் சமைக்கிறன். அப்டேட் கெதியாய் வந்தால் நல்லம் பிள்ளை. முழங்கால் நோவோடை ஒவ்வொரு வெள்ளியும் ரெண்டு பஸ் மாறிப் போக ஏலாமல் கிடக்கு.” அது மகளுக்கு எழுதியது. மகளுக்குத் தாய்மார் ஆயிரம் எழுதுவார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரே பதில் சொல்கிறேன். ஓம், நான்தான் செய்தேன். பத்து வாரம் அப்டேட்டை மறித்து வைத்தது நான். போட்டதாகச் சொன்னது நான். அலாரம் அடிக்காது என்று தெரிந்துகொண்டே விரதம் பிடிக்கச் சொன்னதும் நான். இதில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள். வேலை முடிந்துவிட்டது என்று நான் சொன்னதால்தான் சுஜீவா இருபத்துநான்காம் திகதி வரவில்லை என்று நேற்றைய விசாரணைக் குறிப்பில் சேயோன் தம்பி எழுதியிருக்கிறார். அது பிழை. அன்று அவர் விரதக் களைப்பில் இருந்தார். இல்லாவிட்டால் வந்திருப்பார்.