ஏழாவது வரிசையின் காலி நாற்காலி

பள்ளியில் உள்ள பெயரைக் காவல் நிலையத்தில் தனித்தாளில் வாங்கிக்கொண்டார்கள். எல்லாரும் என்னைக் கூப்பிடுவது வாலு. வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு மாணவி. புத்தகத் திருவிழா நடந்த அரங்கத்துக்குப் பின் தெருவில், தையல் கடை மாடியில் குடியிருக்கிறேன். அப்பா பக்கத்தில் இருக்க, யாரும் மிரட்டாமல் நானாகவே வந்து சொல்வது:

சென்ற சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் சித்தி மகளும் ஒரு எழுத்தாளர் தன் புதுப் புத்தகத்தைப் பற்றிப் பேசிய கூட்டத்துக்குப் போனோம். பக்கத்து மேடையில் பாட்டுக் கச்சேரி தொடங்கும்வரை ஃபேன் காற்றுக்காகத்தான் உட்கார்ந்தோம். வாசகர்கள் எல்லாரும் இவரை அம்மா என்றுதான் அழைப்பார்கள் என்று தொகுப்பாளர் சொன்னார். அதன் பிறகு கேள்வி எழுதச் சீட்டு கொடுத்தார்கள். பெயர் வேண்டாம், மைக் கொண்டுவர வரிசை எண் போதும் என்றார்கள்.

பேச்சு முடிகிற வழியாக இல்லை. அவர் பேச்சாளர், நான் கொட்டாவியாளர் என்றேன். சித்தி மகள் சிரித்தாள். அதன் பிறகு சீட்டில், "அம்மா, பசிக்குது. சீக்கிரம் வா" என்று எழுதினேன். நாங்கள் இருந்தது மூன்றாவது வரிசை. மாட்டிக்கொள்ளாமலிருக்க ஏழு என்று போட்டேன். அவருடைய மகன் ஆறு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவன் என்பதும், அந்தப் புத்தகமே அவனைப் பற்றியது என்பதும் எனக்குத் தெரியாது. அட்டையைக்கூடப் பார்க்கவில்லை.

எழுத்தாளர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். என்னுடையதை மட்டும் வாய்விட்டு வாசிக்கவில்லை. செருப்பை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்கி வந்து, ஏழாவது வரிசையில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஓரத்து நாற்காலி காலி. ஒரு பையன் இருந்தான், இப்போதுதான் கச்சேரிக்குப் போனான் என்றார் பக்கத்திலிருந்தவர். அப்போதே நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சித்தி மகள் என் கையைக் கிள்ளினாள். நான் மேடையில் கிடந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் கச்சேரிக் கூட்டத்துக்குள் ஓடினார். டிரம்ஸ் சத்தத்தில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

மகன் வந்திருந்தான் என்று அவர் அந்தச் சீட்டோடு புகார் கொடுத்ததையும், நான்கு நாளாகத் தேடுவதையும் நேற்றுப் பேப்பரில் பார்த்து இன்று வந்தேன்.

ஆய்வாளர் எழுத்தாளரை வரவழைத்தார். அவர் நம்பவில்லை. போகும்போது மகனுக்குப் பன்னிரண்டு வயது, கையெழுத்து மாறியிருக்கும் என்றார். என்னை மறுபடி எழுதச் சொன்னார். எழுதினேன். இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார். அதன் பிறகு என்னிடம், "நெஜமாவே பசிச்சுதா கண்ணு?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. இல்லை, இரண்டு பன் தின்றிருந்தேன் என்றேன்.

படித்துக் காட்டினார்கள், கேட்டேன். இதில் சொன்னதெல்லாம் உண்மை. சீட்டில் எழுதியது மட்டும் பொய்.

ஒப்பம்: வாலு