இரண்டு மணிக்குள் ஒரு பதில்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதுவதில்லை. இருபத்தாறு வருடமாக ஒரு கிறிஸ்தவப் பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதுகிறேன். ஒரு தடவைகூட ஓய்வுநாளில் அந்த வேலையைத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் உட்காருவேன், மத்தியானம் இரண்டு மணிக்கு அனுப்பிவிடுவேன், சனிக்கிழமை வெளிவரும். நீங்கள் கேட்கிற அந்தப் பத்தியும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எழுதியதுதான். அதனால் 'ஆத்திரத்தில் அவசரப்பட்டுவிட்டார்' என்று உங்கள் விசாரணைத் தாளில் குறித்துக்கொள்ளாதீர்கள், அதிகாரி அம்மா. நிதானமாகத்தான் எழுதினேன்.

ஆத்திரம் இருந்தது, அது வேறு விஷயம். அதை மறைத்தால் பொய்யாகிவிடும். வேதாகமத்தை அப்படியே நம்புகிறேன் என்று வெளியே சொல்கிறவனுக்கு இந்த நார்வேயில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: இருட்டு மனுஷன். ஆகஸ்ட் மாதம், உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில், ஒஸ்லோவில் ஒரு தொலைக்காட்சி விவாதத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பம், பிள்ளை வளர்ப்பு என்று ஆரம்பித்தேன். எதிரே ஒரு நகைச்சுவைக்காரன், முப்பது வயதுகூட இருக்காது, மேலே கையைக் காட்டி, "யாராவது லைட்டைப் போடுங்கப்பா, ஐயா பேச ஆரம்பிச்சுட்டாரு" என்றான். அரங்கமே சிரித்தது. நெறியாளரும் சிரித்தார். நான் பிறகு என்ன பேசினேன் என்று யாருக்கும் நினைவில்லை, எனக்கே நினைவில்லை. தெற்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊருக்கு நாலரை மணி நேர ரயில் பயணம். வழி முழுக்க அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே வந்தது. இன்றைக்கும் கேட்கிறது.

அந்த வாரமே தோர்கில் வந்தான். எங்கள் ஜெபவீட்டுக்குக் கூலி வாங்காமல் புதுக் கூரை போட்டுக்கொடுத்த தச்சன். ஆறடி ஆள் என் சமையலறையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"எம்பொண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே. பள்ளிக்கூடத்துல இருந்தே கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"யாரு?"

"அரசாங்கத்துக் குழந்தைப் பாதுகாப்புக்காரங்கதான். சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்றோம்ல, வீட்ல டிவி இல்லல்ல, அதான் காரணம். நம்மளைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாதுண்ணே."

"காயிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கா?"

"காயிதத்துல என்னென்னமோ எழுதியிருக்கு. எல்லாம் புளுகு."

அந்தக் காயிதத்தைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பத்திரிகைக்காரன் எவனும் சொல்வான். அந்தப் பிள்ளை மிர்யம், ஏழு வயது. மே மாதத்திலிருந்தே அவளை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு நெறி உண்டு. ஒருவர்மீது கடுமையாகக் குற்றம் சாட்டினால், அச்சேறுவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுப் பதில் கேட்க வேண்டும். பதிலையும் அதே நாளில் போட வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதை மீறியதில்லை. அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு குன்வோரைக் கூப்பிட்டேன். மிர்யமின் வழக்கைப் பார்த்த அலுவலர் அவள்தான். ஜெபவீட்டுப் பாடகர் குழுவில் பதினொரு வருடம் என் மனைவிக்குப் பின்வரிசையில் நின்று பாடியவள். எந்தப் பிள்ளையைப் பற்றியும் அவள் வெளியே வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். கட்டின புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

"ஜெபம் பண்ற குடும்பம்ங்கிறதால பிள்ளையைப் பறிச்சீங்களா, குன்வோர்? ரெண்டு மணிக்குள்ள பதில் வேணும்."

"அஸ்லாக், நான் பேச முடியாதுன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும்."

"அதனாலதான் மரியாதையா கேக்கறேன்."

"இதுக்குப் பேரு மரியாதையா? கையைக் கட்டிப்போட்டுட்டு 'வா, சண்டைக்கு வா'ன்னு கூப்பிடறீங்க." அவள் அழவில்லை. "என் வாயைத்தான் சட்டம் கட்டியிருக்கு. உங்க வாயைக் கட்டலையே? வாராவாரம் அவங்களோட உக்காந்து காப்பி குடிக்கறீங்க. அந்தப் பிள்ளை பக்கத்துலயே ஓடிட்டிருக்கா. உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?"

"ரெண்டு மணி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, 'அலுவலர் கருத்துச் சொல்ல விரும்பவில்லை' என்ற கடைசி வரியைச் சேர்த்து அனுப்பினேன். நெறியை எழுத்துப்படியே காப்பாற்றினேன்.

பத்தியில் அவள் பெயர் இல்லை. 'எங்களோடு சேர்ந்து பாடிக்கொண்டே எங்கள் பிள்ளைகளைப் பறிக்கிற ஒரு பெண்' என்று மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். அதற்கு நான் என்ன செய்ய? அடுத்த புதன்கிழமை பாடல் பயிற்சியில் அவளுக்கு நாற்காலி போடவில்லை. கடையில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவும் ஆளில்லை. மூன்றாவது வாரம் அவள் மருத்துவ விடுப்பில் போனாள். தேர்தலில் நிற்கிறவர்கள் என் பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மேடை மேடையாகப் பேசினார்கள். ஒஸ்லோவிலிருந்து அதே தொலைக்காட்சி என்னை மறுபடி அழைத்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முழுசாகப் பத்து நிமிடம் பேசினேன்.

குன்வோர் இடத்துக்கு வேறு ஊரிலிருந்து தற்காலிகமாக ஒரு பையன் வந்தான். படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் நிற்கிறார்கள். மிர்யமைக் கூட்டிப்போன அவசர உத்தரவை விலக்கலாம் என்று அவன் எழுதிக்கொடுத்தான், மேலதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். செப்டம்பர் கடைசியில் மிர்யம் வீட்டுக்கு வந்தாள். ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

காலையிலிருந்து நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், எனக்கு எப்போது தெரியும் என்று. மே மாதம். தேசிய நாளுக்கு முந்தின சனிக்கிழமை, ஊர் கூடி ஜெபவீட்டுக்கு வெள்ளையடித்தோம். என் மனைவி மாக்னில்ட் வாஃபில் சுட்டுக்கொண்டிருந்தாள். மிர்யமுக்கும் ஒரு சின்னத் தூரிகை கொடுத்திருந்தார்கள். வெயிலுக்குச் சட்டைக் கையை மேலே சுருட்டினாள். மேல்கையில் நான்கு விரல் தடம், நீலமாக. அதற்குக் கீழே பழையது, மஞ்சளாக. கழுத்து ஓரத்தில் பெல்ட்டுக் கொக்கியின் அச்சு. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டாள். இறக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, ஏணிமேல் நின்ற அப்பனைப் பார்த்தாள்.

"வாஃபிலுக்கு ஜாம் வேணுமா, பழுப்புச் சீஸ் வேணுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்" என்றாள். ரெண்டும் வைத்துக் கொடுத்தேன்.

அறிந்தவன் அரசாங்கத்திடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதுதான் நீங்கள் என்மேல் போட்டிருக்கிற சட்டப்பிரிவு. அதை நான் மறுக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், ஜூனில் தோர்கில் கூரை போடுவதாக இருந்தது. அப்பன் பிள்ளையைத் திருத்துவது வீட்டுக்குள்ளே இருக்கிற விஷயம் என்றும் நினைத்தேன்; அரசாங்கத்துக்கு ஒரு கதவைத் திறந்தால் மற்ற ஒன்பது கதவையும் அது உடைக்கும். ஆகஸ்டில் சொல்லியிருக்கலாம். ஆகஸ்டில் சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பது யார்? லைட்டைப் போடச் சொன்ன அந்தப் பயல். 'பார்த்தீங்களா, இருட்டு மனுஷங்க லட்சணத்தை' என்று நாடு முழுக்க எங்களைக் காறித் துப்பியிருப்பார்கள். ஒரு வீட்டின் அழுக்குக்காக ஆயிரம் நல்ல வீடுகளைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறீர்களா? ஒரு பக்கம் அந்த ஆயிரம் வீடு, இன்னொரு பக்கம் அவள். எடை போட்டுத்தான் பார்த்தேன். கர்த்தர் அவளைப் பார்த்துக்கொள்வார் என்று விட்டேன்.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை, மிர்யமுக்குப் பள்ளிக்கூடப் பையைத் தேடக் கொஞ்சம் நேரமாகிவிட்டதாம். மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று தோர்கில் சொன்னான். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்பது உங்களிடம் இருக்கிறது, என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்து வந்து மாக்னில்ட் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "சொல்லுங்க, மே மாசமே பார்த்தீங்கதானே?" என்றாள். பார்த்தேன் என்றேன். "நான் முதுகைக் காட்டிட்டு வாஃபில் சுட்டுட்டு நின்னேன். நீங்க பார்த்தீங்க. பார்த்துட்டும் எழுதினீங்க. குன்வோர் முகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்? உங்க வாயில இனி ஜெபமே வரக் கூடாது." அன்றே தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்கும் நான் எதற்காகப் போராடினேன் என்று புரியவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் ஆசிரியர் நேற்றுக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த வழக்கைப் பற்றி நான் எழுதின எல்லாவற்றையும் இணையதளத்திலிருந்து எடுக்கப் போகிறார்களாம். எடுக்கட்டும். ஒன்றை எடுக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன். மிர்யம் வீடு திரும்பின அன்று தோர்கில் வீட்டில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் சமைத்து எல்லோரையும் அழைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்து நான் கிளம்பும்போது மிர்யம் வாசல்வரை என் பின்னாலேயே வந்தாள். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் பேசவில்லை. வெளியே நின்ற என் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எம்பொண்ணு உங்களை விடவே மாட்டேங்குறாண்ணே" என்று பின்னாலிருந்து தோர்கில் சிரித்தான். அவள் பிடி இன்னும் இறுகியது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் என் கையை விடுவிக்க வேண்டியிருந்தது. அடுத்த சனிக்கிழமைப் பத்தியில் அதைத்தான் எழுதினேன்: நன்றி சொல்ல வார்த்தை தெரியாத வயது, அதனால் கையை விடவில்லை என்று. வாசகர்கள் அழுதுகொண்டு கடிதம் போட்டார்கள்.

அந்த வரி இருக்க வேண்டும். அதில் ஒரு பொய்கூட இல்லை. ஏழு வயதுப் பிள்ளை ஒருவர் கையை அப்படிப் பிடித்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? நன்றிதான், அம்மா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.