கண்ணாடி வெச்ச கால்

– கதவச் சாத்துங்க ஜோர்ஜ் அண்ணன். பொறகுதான் காட்டுவன்.

– பட்டப்பகல்ல என்னத்துக்குப் புள்ள பயம்? எக்ஸ்றே அறைக்குள்ள ஆரும் வரமாட்டாங்க. சரி, சாத்திட்டன். எடு பாப்பம்... மாதாவே! இது மனிசன்ட காலெலும்பெல்லா?

– மெல்லக் கதைங்க. வாசல்ல ஸமட் மச்சான் நிக்காரு. பல்லு வலிக்கு மருந்தெடுக்கப் போறன் எண்டு செல்லித்தான் உள்ளுக்கு வந்த. இத நான் ஒருத்தருக்கும் காட்டல்ல.

– எங்க எடுத்த?

– கடக்கரையில. முந்தநாள் அடிச்ச கடல் எங்கட ஆக்கள அடக்குற மையவாடியில ஒரு வரிசையையே உடைச்சிப்போட்டு. பொம்புள நாங்க அதுக்குள்ள போறல்லதானே. கடல்தான் வெளிய கொணந்து போட்டிரிந்திச்சி. அவர்ர கபுறுல அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டையும் கிட்டக் கிடந்திச்சி. பக்கத்துக் கபுறும் கலந்திட்டாக்கும், ஒரு மனிசன்ட மையித்துக்குரியதவிடக் கூடத்தான் எலும்பு.

– காலிதீன்ட கபுறா? தோணி கவுண்டு மோசம்போன உன்ட புருசன்டயா?

– ஓம், அவர்ரதான். அஞ்சி வருசமாச்சி. கரையொதுங்கக்குள்ள முகமே இல்ல, மீன் திண்டுட்டு. என்னப் பாக்கவும் விடல்ல. காலுத் தையலப் பாத்து, இது என்ட காக்காதான் எண்டு அவர்ர தம்பி ஸமட் மச்சான் செல்லித்தான் அடக்கின.

– இப்ப அதுக்கு என்ன வந்த?

– வார வெள்ளிக்கிழம எனக்கும் மச்சானுக்கும் நிக்காஹ். இவ்வளவு நாளும் மாட்டன் எண்டு நிண்ட நான். அவரு எங்கயாவது உசிரோட இரிந்தா, நான் இன்னொருத்தர முடிக்கலாமா? அந்தப் பயம் என்னத் திண்டுது அண்ணன். நீங்கதானே ஒப்பரேசனுக்குப் பொறகு அவர்ர காலப் படமெடுத்த. பாத்துச் செல்லுங்க, இது அவருதானா?

– ஜன்னல் பக்கம் கொண்டா, வெளிச்சத்துல பாப்பம். இந்தா, வெள்ளையாத் தெரியுது. எண்பத்திநாலுல அந்த வெளிநாட்டு டொக்டர் வெச்சதுதான். கண்ணாடியையும் எலும்புல உள்ள சுண்ணாம்பு மாதிரி ஒண்டையும் சேத்துச் சுட்ட கட்டி. இந்த ஊர்ப் பக்கம் அவனுக்கு மட்டுந்தான் வெச்ச.

– அல்ஹம்துலில்லாஹ்! அப்ப அவருதான். மெய்யாலுமே மவுத்தாகிட்டாரு. அழுகையும் வருகுது, நெஞ்சுப் பாரமும் இறங்கிட்டு. தாங்க அண்ணன், நான் போறன்.

– நில்லு புள்ள. ஒப்பரேசன் முடிஞ்சி எவ்வளவு காலத்தால தோணி கவுண்டது?

– ரெண்டு மாசம் இரிக்கும். கால் சரியா ஊண்டேலாம என்ன கடல் எண்டு கத்தின நான். கேட்டாத்தானே.

– இந்த ஓரத்த நகத்தால தடவிப் பாரு.

– ஒண்டுமே தட்டுப்படல்லயே. எலும்பு எங்க முடியிது, கட்டி எங்க தொடங்குது எண்டே தெரியல்ல.

– அதுதான் புள்ள. கட்டிட ஓரத்துக்கு மேலால எலும்பு மூடி வளந்திருக்கு. சும்மா ஒரு கல்ல வெச்சா உடம்பு அத ஒதுக்கித்தான் வெச்சிருக்கும். இத எலும்பு தன்ட ஆளா எடுத்துக்கும் எண்டுதான் அந்த டொக்டர் வெச்ச. ஆனா இப்பிடி மூட ஒரு வருசமாவது போகும் எண்டவர். கடைசியா நான் எடுத்த படத்தில கட்டியச் சுத்திவரக் கறுப்பா இடைவெளி கிடந்த.

– அப்ப மண்ணுக்குள்ள கிடந்து வளந்திரிக்கும்.

– மண் எலும்பத் திண்ணும், வளக்காது. வளர ரெத்தம் ஓடவேணும். உசிர் இருக்கவேணும்.

– என்ன அண்ணன் செல்றீங்க?

– தோணி கவுண்டு ஒரு வருசத்துக்கு மேல காலிதீன் நடந்து திரிஞ்சிருக்கான். நீங்க அடக்கினது வேற ஆரையோ. இவன் அதுக்குப் பொறகுதான் அந்தக் கபுறுக்குள்ள போயிருக்கான்.

– அவராப் போய்ப் படுக்கேலுமா?

– ஏலாதுதானே. திரும்பி வந்தவன ஆரோ கொண்டுபோய் அதுக்குள்ள போட்டிருக்கு. பொறகு ஆராவது அந்தக் கபுறத் தோண்டினாங்களா?

– தோண்டல்ல... மூணு வருசத்துக்கு முன்ன, மாரிக்குள்ள, கபுறு இறங்கிப் போச்செண்டு புது மண் போட்ட. தனியாத்தான் போன. உடுத்திரிந்த சாரமெல்லாம் சேறு. நான்தான் அந்தச் சாரத்தக் கழுவின.

– ஆர்ர சாரம் புள்ள?

– வாசல்ல நிக்கிறவர்ர.

– மாதாவே...

– மச்சி! இஞ்ச, ஜன்னலடியில நான்தான், ஸமட். மருந்தெடுத்தது போதும். காக்காட எலும்பையும் எடுத்துக்கிட்டு வாங்க, வீட்ட போவம்.