ஊர் வாங்காத கடை

— சிரிச்சுக்கிட்டே உள்ள வராதே வெர்லின். கதவை மெல்ல சாத்து. அந்தக் கீல் சனிக்கிழமை வரைக்குமாவது தாங்கணும்.

— சிரிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க, சகோதரி ஆர்லீட்டா? நேத்து ராத்திரி ஓட்டு எண்ணி முடிச்சாச்சு. வரிப்பணத்துல ஊர் கவுன்சில் உங்க கடையை வாங்கி நடத்தக் கூடாதுன்னு ஊரே சொல்லிடுச்சு. கான்சஸ்ல இத்தனூண்டு ஊரு, சர்க்காரைப் பாத்து 'உன் வேலையைப் பாரு'ன்னு சொல்லியிருக்கு. காலையில ரேடியோவுல முழு நேரமும் இதையேதான் பேசினேன். கேட்டீங்களா?

— கேட்டேன். பதினெட்டு வருஷமா முட்டை அடுக்கிக்கிட்டே உன் நிகழ்ச்சியைக் கேக்கறேன். இன்னிக்கு அடுக்க முட்டை இல்லை. அதனால உக்காந்து கேட்டேன்.

— முட்டை இல்லையா? பன்றிக்கறியாவது இருக்கா? என் பொண்டாட்டி டீனா குழம்பு வெச்சு, அதுல தொட்டுக்க பிஸ்கட் ரொட்டி சுடறேன்னா.

— இருக்கு, கடைசிப் பாக்கெட்டு. பாதி விலை. இங்க இருக்கறது எல்லாமே பாதி விலைதான். சனிக்கிழமையோட சாத்தறேன்.

— அதெல்லாம் சாத்த மாட்டீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு ஊருக்குக் கடை வேணும்னா எவனாவது ஒருத்தன் வந்து கடை போடுவான். வாஷிங்டன்லேர்ந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தை பாத்துக்கும்.

— சந்தை வந்துச்சே. போன மாசம் டை கட்டிக்கிட்டு ரெண்டு பேர் வந்தாங்க, ஏதோ பெரிய கம்பெனியிலேர்ந்து. வாசல்ல நின்னு போற வர்ற வண்டியை எண்ணினாங்க. ஆளுக்கு ஒரு சோடா வாங்கிக் குடிச்சாங்க. போயிட்டாங்க.

— அதுக்கு யார் காரணம்? பணத்தை அச்சடிச்சுத் தள்ளி விலைவாசியை ஏத்தினது யாரு? கொத்துக்கறி விக்கற விலையில எந்தக் குடும்பம் வாய்க்கு ருசியாச் சாப்பிட முடியும்? அட்டையைத் தேய்ச்சா வங்கிக்காரன் ஒரு பங்கு, ஃப்ரீசருக்குப் புது விதி போட்டு அதிகாரி ஒரு பங்கு. நடுவுல உங்களை மாதிரி ஒருத்தர் எப்படி நிப்பாங்க?

— அதெல்லாம் வாஸ்தவம். என் கரண்டு பில்லைப் பாத்தா நீ இன்னும் ஒரு வாரம் பேசுவ. நானும் உன் கட்சிதான் வெர்லின், எனக்கே பிரசங்கம் பண்ணாதே. ஆனா உன் கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு.

— எது?

— உன் பிக்கப் வண்டி.

— என் வண்டி என்ன பண்ணுச்சு?

— ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு, ஆமென் சொன்ன வாயை மூடறதுக்குள்ள, நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடைக்குப் போகும். வாரத்துக்கு வேண்டியதை ஏத்திக்கிட்டு என் வாசல் வழியாத்தான் வீட்டுக்குத் திரும்பும். மேல தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டு.

— மழைக்காக மூடினேன்.

— ஆகஸ்டு மாசத்து வெயில்ல. இங்க.

— எல்லாரும்தான் போறாங்க, சகோதரி. நம்ம பாஸ்டரே போறாரு.

— அவர் தார்ப்பாய் போடறதில்லை. கையாட்டிட்டுப் போறாரு. அதாவது பரவாயில்லை.

— வெலை அங்க கொறைச்சல். மூணு பிள்ளைங்க இருக்காங்க எனக்கு.

— கொறைச்சல்தான். நான் வாங்கற வெலையே அவன் விக்கற வெலையைவிட ஜாஸ்தி. உன்னை நான் குத்தம் சொல்லலை. ஆனா இங்க யாரும் சாமான் வாங்க வரலை, மறந்துட்டதை வாங்க வந்தாங்க. கேக்குக்கு வெனிலா மறந்துட்டேன், பேக்கிங் சோடா மறந்துட்டேன். அதை வெச்சு எவ்வளவு நாள் வெளக்கு எரிய வெப்பேன்? சந்தை சந்தைங்கறியே, அது வேற எங்கயோ இருக்கற ராட்சசன் இல்லை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் வாசல்ல போற வண்டிங்கதான். அதுல முதல் வண்டி உன்னுது.

— இப்பப் புரியுது. கோபம் உங்களுக்கு. கவுன்சில் வாங்கட்டும்னு நீங்க ஓட்டுப் போட்டிருக்கீங்க. நான் பேசிப் பேசியே அதைக் கெடுத்துட்டேன். நேராச் சொல்லுங்க, தாங்கிக்கறேன்.

— இல்லை. வேண்டாம்னுதான் போட்டேன்.

— என்ன சொல்றீங்க?

— கவுன்சில் வாங்கக் கூடாதுன்னு போட்டேன்.

— சகோதரி, வாங்கறதுக்கு வேற ஆளே இல்லையே. இதை வித்தாத்தானே உங்க மக இருக்கற டல்சாவுல ஒரு வீடு பாக்க முடியும்? உங்க முட்டிக்கு ஆபரேஷன் வேற.

— தெரியும்டா. ஓட்டுச் சாவடியில பேனாவைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியாது. பக்கத்துத் தடுப்புல உன் மாமியார். அவ கவுன்சில் வாங்கட்டும்னு போட்டா. வெளிய வந்து என்கிட்டயே சொன்னா, 'ஆர்லீட்டா, உனக்கு நல்லது பண்ணிட்டேன்'னு.

— எங்க மாமியாரா? பொறந்ததுலேர்ந்து ரிபப்ளிகன் கட்சி அவங்க, சர்க்கார் கைவெச்சாலே பிடிக்காது.

— ரிபப்ளிகனுக்கும் பால் வேணும். அவ கண்ணு மங்கிப் போச்சு, வண்டி ஓட்ட லைசென்சு இல்லை. தினமும் அந்த வாக்கரைத் தள்ளிக்கிட்டு ஒரு சூப்பு டின்னுக்காக இவ்வளவு தூரம் வருவா. நீ கொண்டுபோய்க் குடுத்தா வேண்டாங்கறா. தன் சாமானைத் தானே பொறுக்கி எடுக்கணும் அவளுக்கு.

— அப்புறம் நீங்க ஏன் வேண்டாம்னு போட்டீங்க? எனக்கு விளங்கலை.

— கறி ஆலையை மூடி ஊர்க்காரங்களுக்கு வேலை போன வருஷம் ஞாபகம் இருக்கா? அப்ப எங்க வீட்டுக்காரர் கல்லாவுல நின்னாரு. வர்றவங்க முகத்தைப் பாப்பாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு. மாவையும் பீன்ஸையும் பையில போட்டுட்டு வானிலை பேசி அனுப்பிடுவாரு. யாரு வாங்கினாங்க, யாரு வாங்கலைன்னு எனக்குக்கூடச் சொன்னதில்லை. கவுன்சில் கடையில அது நடக்குமா? கஷ்டம்னா கூட்டத்துல எழுந்து நின்னு, மைக்கைப் பிடிச்சு, அக்கம்பக்கத்தான் முன்னாடி சொல்லணும். கமிட்டி போட்டு முடிவு பண்ணுவாங்க. அப்படி ஒரு கடையில எங்க வீட்டுக்காரர் பேர் போட்ட போர்டு தொங்க வேண்டாம். அதோட, மத்தவங்க வரியில என் வயசான காலத்தை வாங்கிக்க எனக்கு மனசு ஒப்பலை. நீ நம்பறதாச் சொல்றதை நான் நெஜமாவே நம்பறேன் வெர்லின். உனக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

— இதை நாளைக்கு நிகழ்ச்சியில சொல்லட்டுமா? உங்க பேரைச் சொல்லியே.

— சொல்லாதே. உனக்கு ஒரு காலைப் பேச்சுக்கு ஆகும். உன் மாமியாருக்குப் பால் ஆகாது.

— யாராவது ஒருத்தன் இதை எடுத்து நடத்தணும். சொந்தக் காசைப் போட்டு.

— பதினெட்டு வருஷமா அந்த 'யாராவது ஒருத்தனை'ப் பத்தித்தான் பேசற. அவன் பேரு என்னன்னு மட்டும் இதுவரைக்கும் சொன்னதில்லை.

— எங்கப்பா விட்டுட்டுப் போன இடம் ஒண்ணு இருக்கு, ஏரிக்கரையில. வருஷத்துக்கு ஒரு தடவை மீன் பிடிக்கப் போறதோட சரி.

— அதுக்கென்ன?

— அதை வித்தா இந்தக் கட்டடத்துக்கு ஆகும். டீனா திட்டுவா.

— அவ திட்டறதுல நியாயம் இருக்கு. உனக்குக் கறி வெட்டத் தெரியுமா?

— தெரியாது.

— ஃப்ரீசர் நடுக் கோடையில நின்னு போனா?

— உங்களைக் கூப்பிடுவேன்.

— நான் டல்சாவுல இருப்பேன்டா.

— குளிர் வர்ற வரைக்கும் இருங்க. சொல்லிக்குடுங்க. தப்புப் பண்ணினா எல்லார் முன்னாடியும் திட்டுங்க, பரவாயில்லை. ஞாயித்துக்கிழமை என் வண்டி இந்த வாசலைத் தாண்டாது.

— நஷ்டம் வரும். மொதல் வருஷம் கண்டிப்பா வரும். அப்ப மானியம் குடுங்கன்னு கவுன்சில் வாசல்ல போய் நிப்பியா?

— மாட்டேன். பாஸ்டர் வீட்டு வாசல்ல போய் நிப்பேன். எல்லார் வீட்டு வாசல்லயும் நிப்பேன். வெனிலா மட்டும் வாங்காதீங்க, மாவையும் சேத்து இங்கயே வாங்குங்கன்னு கேப்பேன். கேக்க வெக்கம் இல்லை எனக்கு.

— வெளையாட்டு இல்லையே இது?

— இல்லை.

— அப்ப இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. ரொட்டி வண்டியும் பால் வண்டியும் விடியக்காலம் ஆறு மணிக்கு வரும். அவன் நமக்காக நேரத்தை மாத்த மாட்டான், கேட்டுப் பாத்துட்டேன். ஒவ்வொரு நாளும் ஆள் நின்னு இறக்கணும். சம்பளத்துக்கு ஆள் போட இந்தக் கடை தாங்காது. அது உன் நிகழ்ச்சி நேரம். நாலு மாவட்டத்துல வீட்டுக்கு வீடு உன் குரலைக் கேக்கற நேரம். யோசி. அவசரம் இல்லை.

— யோசிச்சாச்சு. பேச ஆயிரம் பேர் இருக்காங்க, சகோதரி. வண்டிக்காரனைத் திங்கக்கிழமை பின்வாசலுக்கு வரச் சொல்லுங்க, நான் அங்க நிப்பேன்.