கட் பீஸில் தைத்த பை

"ஹலோ... ஹலோ, வேதாசலம் அண்ணாவா? அப்பாடா, இப்பவாச்சும் எடுத்தீங்களே. காலைல இருந்து அடிச்சினே இருக்கேன்... ஆமா... ஆமாண்ணா, மஹ்பூபிதான், சத்துவாச்சாரி மையத்துல இருந்து... ஷூ வாங்கற பையர் வந்திருந்தாங்களா? சரி, வரட்டும், நல்லா இருங்க. நான் நல்லா இல்ல. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஃப்ளெக்ஸ் வெச்சிருக்கீங்களே, அத இப்பவே எறக்குங்க."

கோபம் வந்தால் மஹ்பூபியால் உட்கார முடியாது. மேசைக்கும் வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் துணை நிற்கிற மையம் அது. பன்னிரண்டு வருஷமாக அவள்தான் நடத்துகிறாள். குழந்தைகளைக் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போகிற வேன், ஆம்பூரில் ஷூ கம்பெனி வைத்திருக்கும் வேதாசலம் கொடுத்தது. அந்த நன்றியை இன்றைக்குக் கொஞ்சம் ஓரமாக வைக்க வேண்டியிருந்தது.

"எதுக்கா? ஃப்ளெக்ஸ்ல நம்ம பாப்பா இருக்குதுண்ணா... பேரு சொல்லாதீங்க. போன்ல பேரு வேணாம்... பக்கத்துல யாரும் இல்லாட்டியும் வேணாம்... தெரியும், மூஞ்சிய மறைச்சிருக்கு. தெரியும்ணா. மூஞ்சிய மறைச்சீங்க, பைய மறைச்சீங்களா?"

சிவப்புத் தோலில் கிளிப்பச்சைப் பட்டை வைத்த பள்ளிக்கூடப் பை. ஆம்பூரில் ஷூ தைக்கிற வேலையில் இருந்தபோது, வெட்டிக் கழித்த கட் பீஸ்களைச் சேர்த்து வைத்துப் பாப்பாவின் அம்மா பூங்குழலி தைத்தது. கடையில் வாங்கின பையாக இருந்தால் ஊரில் நூறு பேர் மாட்டிக்கொண்டு திரிவார்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"யாருக்குத் தெரியப் போவுதா? நேத்து சாயங்காலமே தெரிஞ்சிபோச்சி. அவங்கம்மாகூட பக்கத்து மிஷின்ல வேலை பாத்த பொண்ணு போன் பண்ணுது. உம் பொண்ணு பை பஸ் ஸ்டாண்டாண்ட தொங்குதுடின்னு... ஆமா. பையப் பாத்துதான். ராத்திரியெல்லாம் தூங்காம ரெண்டு பேரும் காலைல ஒம்பது மணிக்கு இங்க வந்து நிக்கிறாங்க... இல்ல, பாப்பா அழல. அழுதா எனக்குத் தெரியும் இன்னா பண்றதுன்னு. பைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி மடியில வெச்சினு உக்காந்திருக்கு. சாப்பாடு வேணாம், தண்ணி வேணாம். திங்கக்கிழமை கோர்ட்டுக்கு வரமாட்டேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிச்சி. ரெண்டு வருஷம்ணா. ரெண்டு வருஷமா அந்த ஒரு நாளுக்காகத்தான் அதத் தேத்தினு வந்திருக்கேன்."

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள் போய் அதை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள். கதவிடம் காட்டிய பொறுமை அவரிடம் வரவில்லை.

"கேளுங்க. நான் பேசறத கேளுங்க. அந்த ஆளு ஜாமீன்ல வெளிய வந்து நாலு மாசம் ஆவுது... ஆமா, அவங்க குடியிருந்த வீட்டு ஓனருதான். இவங்க ஊரவிட்டு எங்க போனாங்கன்னு அவனுக்குத் தெரியாது. தேடினு இருக்கான். அவன் கண்ணுல படாம இருக்கறதுதாண்ணா இவங்களுக்கு இருக்கிற ஒரே காவல். நீங்க இன்னா பண்ணீங்க, பாப்பா பையப் போட்டு, கீழ எங்க விலாசத்த போட்டு, என் போன் நம்பரையும் போட்டு வெச்சிருக்கீங்க... நல்ல எண்ணத்துலதான் பண்ணீங்க. யாரு இல்லன்னா? ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துக்கு நாலு பேர் வரணும், மையத்துக்கு உதவி பண்ணணும்... சரி. சரி. அதுக்குப் பாப்பா எதுக்கு? உங்க மூஞ்சிதான் கும்பிட்ட மாதிரி இத்தாம் பெருசா இருக்குதாமே, அது போதாதா?"

சொன்ன பிறகு கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதாக அவளுக்கே தோன்றியது. திரும்ப வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

"இன்னா?... யாரு அனுப்பினாங்களா?... அது..."

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"ஆமா. அந்த போட்டோவ நான்தான் அனுப்பினேன்... ஆமாண்ணா, வேன் வந்த அன்னிக்கி. வேன்ல ஏறும்போது எடுத்தது. மூஞ்சிய நான்தான் அழிச்சேன், இதே விரலால... இல்ல, பை என் கண்ணுக்குப் படல. தெனம் பாக்கறதுனால தெரியல. தப்பு. என் தப்புதான், அவங்கம்மாகிட்ட காலையிலயே சொல்லிட்டேன். ஆனா என் தப்பு வேற, உங்க தப்பு வேற. உங்க ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன். நீங்க அத இருபது அடிக்கு ஏத்திட்டீங்க. ஒரு வார்த்த கேட்டீங்களா?... வேன நிறுத்திடுவேன்றீங்களா? நிறுத்திக்கோங்க. நாங்க பஸ்ல போறோம். முன்ன பஸ்லதான் போனோம்... சொல்லலையா? அந்த அர்த்தத்துலதான பேசனீங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

ஒரு நிமிஷம் அந்தப் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தது.

"போன் வந்துச்சா? வந்துச்சி, வந்துச்சி. பெருமப்பட்டுக்கோங்க. காலைல எட்டு மணிக்கே ஒருத்தர் பண்ணாரு. ஃப்ளெக்ஸ் பாத்தேம்மா, அந்தச் சிவப்புப் பை பாப்பாவுக்கு ஒரு புதுப் பை வாங்கித் தரணும்னு ஆசையா இருக்குதுன்னாரு. அவரு சொல்லித்தான் ஃப்ளெக்ஸ் வெச்சதே எனக்குத் தெரியும். வீட்டு மாடில இருந்தே தெரியுதாம், அவ்ளோ பெருசா அடிச்சிருக்கீங்க... பேரு சொல்லல. பாப்பா கைலதான் குடுப்பேன்னாரு. அப்படியெல்லாம் பழக்கம் இல்ல, என்கிட்ட குடுங்கன்னு சொன்னேன். நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்... வரட்டும். இனிமே பாப்பா அந்தப் பழைய பைய தொடாது. புதுசு ஒண்ணு வேணுந்தான். அது போவட்டும், ஃப்ளெக்ஸ எப்ப எறக்குவீங்க? நேரம் சொல்லுங்க."

"...இன்னாது?... எறக்கியாச்சா? எப்ப?... நேத்தேவா? நேத்து சாயங்காலமா?"

மஹ்பூபி முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து நின்ற கால் அப்போதுதான் வலித்தது.

"அத முதல்லயே சொல்லக் கூடாதாண்ணா?... நான் எங்க பேச விட்டேன், ஆமா, அதுவும் சரிதான்... இன்னா, கல்யாண ஃப்ளெக்ஸ் வெக்க எடம் கேட்டாங்களா? யாரு வீட்டுக் கல்யாணமோ, அந்தப் பொண்ணு மாப்பிள்ள நல்லா இருக்கட்டும். அல்லா அவங்களுக்கு ஒரு கொறையும் வெக்காம இருக்கட்டும்... ம்... ம்... இல்லண்ணா, கோவத்துல பேசிட்டேன். மூஞ்சிய பத்திப் பேசியிருக்கக் கூடாது. ஜாஸ்தியாப் பேசிட்டேன். இன்னா பண்றது, அதுங்க ரெண்டும் உக்காந்திருக்கறத பாத்தா எனக்கு பேஜாராப் போவுது. வேனுக்கு நாங்க எவ்ளோ கடமைப்பட்டிருக்கோம்னு உங்களுக்கே தெரியும்."

"ஒரு உதவி பண்ணுங்க. அந்த ஃப்ளெக்ஸ நாலா கிழிச்சி, உங்க கண்ணு முன்னாலயே கொளுத்திடுங்க... ஏன்?... கம்பெனில இல்லையா? யாருகிட்ட இருக்குது?... வாட்ச்மேன் மூர்த்தி கேட்டாரா. எதுக்கு?"

கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் எந்த ஃப்ளெக்ஸையும் யாரும் எறிவதில்லை. விழா முடிவதற்குள்ளேயே ஒருவர் கேட்டு வைத்திருப்பார். ஒழுகுகிற கூரைக்கு அதைவிட நல்ல துணி கிடையாது.

"கூரைக்கா... மழை வந்துச்சி, ஆமா, இங்கயும் பெஞ்சிச்சி. அண்ணா, மூர்த்தி வீடு எங்க?... இல்ல, சொல்லுங்க. தெருப் பேரு சொல்லுங்க."

அவள் எழுந்து நின்றாள்.

"ஏரிக்கோடித் தெருவா?... நல்லா தெரியுமா உங்களுக்கு?... அண்ணா, ஒரு நிமிஷம். பிரிண்டு எந்தப் பக்கம் இருக்குது? கூரை மேல எப்படி விரிச்சாரு? எழுத்து மேலயா, கீழயா?... கேட்டு சொல்லுங்க. பக்கத்துல நின்னா குடுங்க, நானே கேக்கறேன்... ம்... ம்... இன்னா சொல்றாரு?"

"மொதலாளி மூஞ்சி கீழ பாத்த மாதிரி படுக்கக் கூடாதுன்னா?... வானத்தப் பாத்த மாதிரி விரிச்சாரா."

அந்தப் பக்கம் வேதாசலம் சிரித்திருக்க வேண்டும்.

"சிரிக்காதீங்க. எனக்கு அந்தத் தெரு தெரியும். போலீசோட போயிருக்கேன். முழுக்க முழுக்க தகரக் கூரை, ஓலக் கூரை. ஒரே ஒரு மாடி வீடு... ஆமா. ஆமா, அதே வீடுதான். அவன் வீடுதான். பாப்பா குடியிருந்த தெரு அது."

"...நேத்து ராத்திரியே விரிச்சாச்சா? அப்ப பஸ் ஸ்டாண்டுல காலைல ஃப்ளெக்ஸே இல்ல... இல்ல இல்ல, இருங்க. காலைல எட்டு மணிக்குப் பேசின ஆளு. மாடில இருந்து பாத்தேன்னான். பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லவே இல்ல, நான்தான் அப்படி நெனச்சிக்கிட்டேன். மாடில இருந்துதான் பாத்தேம்மான்னு சொன்னான், நல்லா சிரிச்சினே சொன்னான். பாப்பா கைலதான் குடுப்பேன்னான்."

வேதாசலம் ஏதோ பேசிக்கொண்டே போனார். மன்னிப்பாக இருக்கலாம். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. சுவரில் மணி மூன்று ஐம்பத்தைந்து. அவளுக்கு வேதாசலத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி அவள் மேலேயே வந்து விழுந்தது.

"நான்தாண்ணா கூப்புட்டேன். நீங்க இல்ல. விலாசம் சரிதானம்மான்னு கேட்டான், சரிதான்னு சொன்னேன். பஸ்ஸுல வந்தா எங்க எறங்கணும்னு கூட சொல்லிக் குடுத்தேன்... நீங்க ஆம்பூர்ல இருந்து வந்து இன்னா பண்ணப் போறீங்க? பேசாதீங்க. நீங்க பேசினு இருந்தா நான் போலீசக் கூப்புட முடியாது... ஹலோ, கேக்குதுங்களா, வெக்கிறேன். வாசல் கேட்டு தொறந்து கெடக்குது. நாலு மணிக்கு நல்ல மனுஷன் ஒருத்தர் வர்றாரு, வெளிய நிக்க வெக்கக் கூடாதுன்னு நான்தான் தொறந்து வெச்சேன்."