ஊதியும் அணையாத விளக்கக்காவுக்கு

கம்பியைக் கழற்றிவிட்டு ஒளிக்கதிரைக் கையில் எடுத்தவரே! முனை முறிந்த இடத்தில் மனம் முறியாமல் நின்றவரே! தரவுக் காப்பகத்தின் தலைமைப் பொறியாளரே, எங்கள் தலைவலிகளுக்கெல்லாம் தைலமே! விளக்கு அக்காவைச் சுருக்கி விளக்கக்கா என்று நாங்கள் வாயார அழைத்தால், "என்ன வேணும், சீக்கிரம் சொல்லு" என்று வள்ளென்று திரும்பும் வாஞ்சையின் வடிவே! வணக்கம்.

பணி ஓய்வு பெறும் தங்களைப் 'பொறுமையின் சிகரம்' என்று புகழ்ந்து இம்மடலைத் தொடங்கலாம் என்றார் எங்களில் ஒருவர். அரங்கே சிரித்துவிடும் என்பதால் அதை அடித்துவிட்டோம். தங்களுக்குப் பொறுமை கிடையாது, பிடிவாதம் உண்டு. இந்த மடல் அந்தப் பிடிவாதத்துக்குத்தான்.

மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களை டிஸ்க்குகளில் காத்து வைத்து, கேட்டபோது எடுத்துக் கொடுப்பது நம் பணி. அலமாரியிலிருந்து டிஸ்க்கை எடுத்து, அதைப் படிக்கும் கணினி ரேக்கில் செருகுவதும் உருவுவதுமாகவே நம் பொழுது போகும். செருகிச் செருகிக் கனெக்டரின் பின்கள் என்னும் ஊசிமுனைகள் தேயும், வளையும். உள்ளே படம் பத்திரமாக இருக்கும். வாசலில் நிற்கும் ஒற்றைப் பின் வழிவிடாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத கதைதான். இதற்கு நம்மிடம் இருந்த ஒரே வைத்தியம், செருகுமுன் கனெக்டரில் 'பூ' என்று ஓர் ஊது ஊதுவது. புதிதாக வேலைக்கு வருபவர் முதலில் கற்பதும் அதுவே. பொது மேலாளர் முதல் வாயிற்காவலர் வரை இங்கே ஊதாதவர் இல்லை.

ஊதியும் பலிக்காத ஒரு நாள் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் படுத்திருந்த ஓர் அம்மாளின் பழைய ஸ்கேன் படத்துக்காக மருத்துவர் காத்திருந்தார். பின் வளைந்திருந்தது, படம் வரவில்லை, சிகிச்சை மறுநாளுக்குப் போனது. அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். அப்பாடா என்று நாங்கள் மூச்சு விட்டோம், தாங்கள் விடவில்லை. "அடுத்த தடவை பிழைக்கலன்னா? இனிமே இந்தப் பின்னே வேணாம்" என்றீர்கள். பின் இல்லாமல் எப்படி என்று கேட்டோம். "உங்க வீட்டு டிவி ரிமோட்டுக்கு வயர் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டீர்கள்.

மறுநாளே தங்கள் வீட்டு ரிமோட் தங்கள் மேசையில் பிரிந்து கிடந்தது. அது இன்றுவரை வீடு திரும்பவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவர், எங்கள் மாமா, இன்னமும் எழுந்து போய்த்தான் சேனல் மாற்றுகிறார். அவருடைய தியாகத்துக்கும் எங்கள் நன்றி! அந்த ரிமோட்டைப் பார்த்துத் தாங்கள் செய்தது இதுதான்: டிஸ்க்கின் நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல், எதிரே ரேக்கில் இன்னொன்று. மின்சாரத்துக்கு இரண்டு தடித்த பட்டைகள் மட்டும் தொட்டுக்கொள்ள, மற்ற பேச்செல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒளியின் சிமிட்டலில். தொடாமல் பேசுவதால் தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை.

நிர்வாகம் ஒரே ஒரு சோதனைக்கு ஒப்புக்கொண்டது. வென்றால் எல்லா ரேக்கும் மாறும். தோற்றால் திட்டத்தை மூடிவிட்டுப் பழைய பின்னோடே மாரடிக்க வேண்டும். சோதனையன்று பொது மேலாளரே டிஸ்க்கைக் கையில் வாங்கினார். வாங்கியவர், பழக்கதோஷத்தில், 'பூ' என்று ஊதிச் செருகிவிட்டார்! குளிரூட்டிய அறையில் சன்னல் ஆவி படிந்து மங்கியது. திரையில் ஒன்றும் வரவில்லை. "என்னம்மா, உங்க விளக்கு எரியலையே" என்றார். ஊதி அணைத்தவரே கேட்ட கேள்வி அது! மேடையில் வீற்றிருக்கும் மேலாளர் அவர்கள் மன்னிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் இந்த மடல் முடியாது.

'ஊதக் கூடாது' என்று பலகை மாட்டலாம் என்றோம். தாங்கள் ஒப்பவில்லை. "அவசரத்துல மனுஷன் ஊதத்தான் செய்வான். ஊதினாலும் ஓடணும். அதைச் செய்யத்தான் நாம இருக்கோம்" என்றீர்கள். மூடப்பட்ட திட்டத்துக்காக மேலாளர் அறை வாசலில் காலையில் நின்றீர்கள், மாலையில் நின்றீர்கள், அவர் வேறு வாசல் தேடும்வரை நின்றீர்கள். இன்னொரு சோதனை கிடைத்தது.

ரேக்கின் முதுகில் வீணாக வெளியேறிய சூட்டுக் காற்றைச் சிறு குழாய் வழியே, ஆவி உலரும்படி, சன்னல்களுக்கு நடுவே திருப்பினீர்கள். அதற்கும் மேலாக, தங்கள் குணத்தையே ஒளிக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். ரேக்குகளின் இரைச்சலில் தாங்கள் ஒன்றைச் சொன்னால், "கேட்டுச்சுக்கா" என்று பதில் வரும்வரை விடமாட்டீர்கள். தலையாட்டினால் போதாது, வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுபோலவே, எதிர்ச் சன்னலிலிருந்து 'கேட்டது' என்று ஒரு சிமிட்டல் வரும்வரை, இந்தச் சன்னல் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும்படி செய்தீர்கள்.

இரண்டாம் சோதனையில் டிஸ்க்கை மேலாளரிடமே நீட்டி, "ஊதுங்க சார், நல்லா ஊதுங்க" என்றீர்கள். ஊதினார். மங்கியது. ஒளி சொன்னது, கேட்கவில்லை. மறுபடி சொன்னது, கேட்கவில்லை. பிறகு கண்ணாடி தெளிந்து, சிகிச்சை தள்ளிப்போன அதே அம்மாளின் ஸ்கேன் படம் திரையில் வந்து நின்றது. முதலில் கை தட்டியவர் மேலாளர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன்பின் நம்மால் எந்தச் சிகிச்சையும் தள்ளிப்போனதில்லை.

நோயற்ற உடலும் ஓயாத சிரிப்புமாகத் தாங்கள் நீடு வாழ வேண்டும். முதல் வேலையாக மாமாவுக்கு ஒரு ரிமோட் வாங்கித் தர வேண்டும்; அதைப் பிரிக்காமலும் இருக்க வேண்டும். நாளை முதல் ரேக்குகளின் இரைச்சலில் தங்கள் குரல் இராது. ஆனாலும் பின்னுக்குத் திரும்ப மாட்டோம். படத்துக்காக ஒருவர் எங்கோ படுத்திருக்கிறார் என்பதை மறக்க மாட்டோம். இத்தனை காலம் அதைத்தானே திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்? தலையாட்டினால் தங்களுக்குப் போதாது என்பதால், எல்லோரும் எழுந்து நின்று, வாய் திறந்து சொல்கிறோம்:

கேட்டுச்சுக்கா!

இங்ஙனம்,
இன்னமும் ஊதிக்கொண்டே இருக்கும்
காப்பக ஊழியர்கள்