ஒரே பெயரில் இரண்டு ஸ்டிக்கர்கள்

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் நான் சொன்னபடி எழுதப்பட்டுள்ளன. வயது இருபத்து நான்கு. தந்தை சரக்கு வேன் ஓட்டுகிறார். தாய் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் புரோகிராமராக இருக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, உதவி ஆய்வாளர் முன்பு சொல்வதாவது:

மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும்போது, குழாயில் ஒட்டுவதற்கு நோயாளியின் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒன்று அச்சாகி வரும். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் பதிவு எண்ணும் கோடுகளும் இருக்கும். அந்த ஸ்டிக்கரை அச்சடிக்கும் பகுதியை எழுதியது நான். நாங்கள் சி ப்ளஸ் ப்ளஸ் என்ற மொழியில் எழுதுகிறோம். பெயர்களை வைத்துக்கொள்ள ஸ்ட்ரிங் என்ற ஒன்று அந்த மொழியுடனேயே வருகிறது. ஒரு ஸ்ட்ரிங்கை இன்னொரு இடத்துக்குக் கொடுத்தால் எழுத்துகளை எல்லாம் அது புதிதாக நகல் எடுத்துக்கொள்ளும். முதலில் நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதைப் பார்வையிட்ட டீம் லீடர் எல்லோர் முன்பும், "எதுக்கும்மா எல்லாத்தையும் காப்பி எடுத்துக்கிட்டு இருக்க, ஜெராக்ஸ் கடையா வெச்சிருக்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு நகல் எடுப்பதை நீக்கிவிட்டு, எழுத்துகள் இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் ஸ்டிக்கர் பகுதி குறித்துக்கொள்ளும்படி மாற்றினேன்.

அச்சடிக்கும் நேரம் வரை பெயர் அதே இடத்தில் இருக்குமா என்ற சந்தேகம் எனக்கு அப்போதே இருந்தது. கேட்கவில்லை. கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை என்பதால் அலுவலகத்தில் எனக்கு 'மியூட்' என்று பெயர். கேட்பதற்குப் பதிலாகச் சோதித்துப் பார்த்தேன். என் பெயரை அப்பா பெயரோடு சேர்த்துக் கொடுத்தேன், அம்மா பெயரையும் அப்படியே கொடுத்தேன். எல்லா ஸ்டிக்கரும் சரியாக வந்தன. எல்லாமே நீளமான பெயர்கள் என்று அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு மென்பொருளை நிறுவுவதற்காக என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுக்கும் அறை படிக்கட்டுக்குக் கீழே இருந்தது. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை, அச்சு இயந்திரம், கைகழுவும் தொட்டி ஆகியவை இருந்தன. கதவை முழுவதும் திறந்தால் நாற்காலியில் இடிக்கும். அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் அம்மாவுக்கு என் தாயின் வயது இருக்கும். அவர் எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். என்னை மேடம் என்று அழைத்தார். அதுவரை யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை.

பின்னர் ஒரு வாரம் கழித்து நான் மீண்டும் போனபோது அவர், "மேடம், சில நேரம் பேரே இல்லாம வருது. சில நேரம் ஒரே பேர்ல ரெண்டு வருது. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியவில்லை. மேடம் என்று அழைப்பவரிடம் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நான் சொன்னது இது: "ரெண்டு வந்தா ஒண்ணைக் கிழிச்சுப் போட்டுடுங்க. வராதவங்களுக்கு மறுபடி அடிங்க." அவர் தலையாட்டினார். பிறகு, "படிச்சவங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கு" என்றார். அந்த வார்த்தையை அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அலுவலகத்தில் புகாராகப் பதிவு செய்யவில்லை.

சம்பவத்தன்று கால் அறுவைக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு லாரி டிரைவரும், அவரை அடுத்து ஒரு பள்ளி ஆசிரியையும் பதிவு செய்திருக்கிறார்கள். இருவருக்கும் சின்னப் பெயர். ஆசிரியையின் பெயரில் இரண்டு ஸ்டிக்கர் வந்திருக்கிறது. அவற்றில் ஒன்றில் பெயர் ஆசிரியையுடையது, கீழே இருந்த எண் டிரைவருடையது. நர்ஸ் அம்மா நான் சொன்னபடி ஒன்றைக் கிழித்துப் போட்டிருக்கிறார். கிழித்தது சரியான ஸ்டிக்கரை. மற்றதை ஆசிரியையின் ரத்தக் குழாயில் ஒட்டியிருக்கிறார். அதன் பிறகு டிரைவருக்கு மறுபடி அடித்து ஒட்டியிருக்கிறார். ஆய்வகத்து இயந்திரம் எண்ணை மட்டும் படிக்கும். முதலில் வந்த குழாயில் இருந்த ஆசிரியையின் ரத்த வகையையே டிரைவருடையது என்று ஏற்றுக்கொண்டது. அறுவையின்போது அவருக்கு வேறு வகை ரத்தம் ஏற்றப்பட்டது. அவர் உயிரோடு இருக்கிறார். சிறுநீரகம் பாதித்து டயாலிசிஸ் செய்கிறார்கள். அவர் மனைவி வார்டு வாசலில் அவருடைய செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவரிடம் பேசவில்லை.

அதன் பிறகு மருத்துவமனை விசாரணைக்கு எங்கள் நிறுவனத்திலிருந்து டீம் லீடரும் நானும் போனோம். குழாயை மாற்றிவிட்டதாக நர்ஸ் அம்மாமீது குற்றம் சொல்லப்பட்டது. அவர் என்னைக் காட்டி, "இந்த மேடம்தான் ஒண்ணைக் கிழிக்கச் சொன்னாங்க" என்றார். நான் சொன்னேனா என்று கேட்டார்கள். நான் மேசைமீது இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, அப்படிச் சொல்லவில்லை என்றேன். நான் மாற்றிச் சொல்வேன் என்று காத்திருப்பவர்போல அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனக்குறைவுக்காகவும், பொய் சொன்னதற்காகவும் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தார்கள்.

அலுவலகம் திரும்பியதும் அந்த இரண்டு பெயர்களையும் அதே வரிசையில் கொடுத்துப் பார்த்தேன். ஆசிரியையின் பெயரில் இரண்டு ஸ்டிக்கர் வந்தன. உதவி ஆய்வாளர் கேட்டதால் காரணத்தையும் சொல்கிறேன். நீளமான பெயரை ஸ்ட்ரிங் வெளியே தனி இடம் பிடித்து வைக்கும். சின்னப் பெயரைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்ளும். பதிவு முடிந்ததும் பெயர் காத்திருப்போர் வரிசைக்கு நகர்த்தப்படுகிறது. நீளமான பெயர் என்றால் வெளியே இருக்கும் எழுத்துகள் இடம் மாறுவதில்லை, உரிமை மட்டுமே கைமாறும். எனவே நான் குறித்த முகவரி அப்போதும் சரியாகவே இருக்கும். சின்னப் பெயர் என்றால் எழுத்துகள் வரிசைக்குப் போய்விடும். நான் குறித்த முகவரி பழைய இடத்திலேயே நிற்கும். அடுத்து வருபவரின் சின்னப் பெயர் அங்கே வந்து உட்காரும். அடுத்தவருடையது நீளப் பெயராக இருந்தால் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். எண்ணை நகல் எடுத்து வைத்திருந்ததால் அது மாறவில்லை. உதவி ஆய்வாளர், "அப்ப காலி பண்ணின வீட்டுக் கதவையே போய்த் தட்டுது, அப்படித்தானே?" என்று கேட்டார். அப்படித்தான்.

பிறகு டீம் லீடரைத் தனியாக அழைத்து அந்த ஸ்டிக்கர்களைக் காட்டினேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "வக்கீலுங்க பார்த்துப்பாங்க. உனக்குத்தான் பழக்கமாச்சே, மியூட்லயே இரு" என்றார். நான் சரி என்றேன். என் இடத்துக்கு வந்து அந்த வரியை மறுபடி நகல் எடுக்கும்படி மாற்றினேன். ஒரு சொல்தான் மாற்ற வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட்டது. இப்போது அங்கே எல்லா ஸ்டிக்கரும் சரியாக வருகின்றன. அதனால் நர்ஸ் அம்மா சொன்னதை இனி யாரும் அங்கே சோதித்து உறுதிசெய்ய முடியாது. பழைய நிரலின் பிரதியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த ஆளும் டிரைவரா?" என்று மட்டும் கேட்டார். அவர்தான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்.

மேலே உள்ளவை நான் என் வாயால் சொன்னவை. எழுத்தர் படித்துக் காட்டினார், நானும் படித்தேன். அனைத்தும் உண்மை.

இதற்குக் கீழே இருப்பதை நானே கையால் எழுதுகிறேன். அச்சாகி வந்த முதல் பிரதியில், விசாரணையில் நான் மறுத்துப் பேசிய பகுதி இல்லை. கேட்டதற்கு உதவி ஆய்வாளர், "வேணும்னுதான் விட்டேன். புரோகிராம்ல தப்புன்னு சொன்னா போதும். பொய் சொன்னேன்னு எழுதினா உன் வேலைக்கே ஆபத்தும்மா" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நர்ஸ் அம்மாவைப் பொய்க்காரி என்றும்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பகுதி இல்லாவிட்டால் அவர் அப்படியேதான் இருப்பார். சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள். நர்ஸ் அம்மா, அவர்மீதான புகாருக்காக இந்த நிலையத்தில் போட வேண்டிய கையெழுத்துக்காக வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது என் முகத்தைப் பார்க்காமல் பையை நகர்த்தி வழிவிட்டார்.

இரண்டு பிரதிகளும் மேசைமீது ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று எழுத்தர் கேட்டார். இரண்டையும் வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, எது சரியானது என்று பார்த்த பிறகு, மற்றதை நானே கிழித்தேன்.

(ஒப்பம்)